நீர்மட்டத்துக்குக் கீழே சுயேச்சை

நீரடிப் பராமரிப்பு உப அலுவலகத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அலுவலகத்தின் பெயரில் நீர் இருக்கிறது என்பதற்காக அதிகாரிகள் நனைய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நனைவதற்கென்றே தனியாக ஒருவர் இருந்தார். அவர் பெயர் சந்தியாகு.

சந்தியாகு முத்துக் குளிக்கும் சலாபம் நடந்த காலத்தில் பெயரெடுத்த குளியாள். சலாபம் நின்றுபோனது, சங்கு குளிப்பும் சரிப்பட்டு வரவில்லை என்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தார். இழுவைக் கப்பலின் புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால், மிதவையின் சங்கிலி சிக்கிக்கொண்டால், என்ஜினியரின் மூக்குக்கண்ணாடி தவறித் தண்ணீரில் விழுந்தால், இடுப்பில் கயிற்றைக் கட்டி, காலில் கல்லைக் கோத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவார். கல் அவரைக் கீழே கொண்டுபோகும். வேலை முடிந்ததும் கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பார். மேலே இருப்பவன் உடனே அவரைத் தூக்கிவிட வேண்டும்.

மேலே இருப்பவன் தொம்மை. சந்தியாகுவின் மனைவி விக்டோரியாவுக்குத் தம்பி. இந்தக் கடற்கரையில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள். அவர்களுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சினனுக்கோ, கயிற்றைக் கைவிட்டால் அக்காள் பிள்ளைகுட்டிகளோடு தன் வீட்டு வாசலில் வந்து நிற்பாள் என்ற பயம் உண்டு. இதைவிட உறுதியான உத்தரவாதத்தை எந்தச் சட்டப் புத்தகமும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். அலுவலகம் அதை வரிவரியாகப் படித்தது. தொழிலாளர் இருந்தால்தானே பாதுகாக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது.

இதை விளக்குவதற்காகத் தலைமையிடத்திலிருந்து சட்ட அதிகாரி கிருபாநிதி வந்து சேர்ந்தார். கருப்புக் கோட்டைக் கழற்றாமல் மே மாதத்தைக் கடந்த மனிதர் என்று அவருக்குப் பெயர். எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசினார்.

"ஒரு ஆள் ஊழியனா, சுயேச்சை ஒப்பந்ததாரரா என்று கண்டுபிடிக்கச் சட்டம் சில பரீட்சைகள் வைத்திருக்கிறது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்தால் அவன் ஊழியன். எப்படிச் செய்கிறான் என்றே நமக்குத் தெரியாவிட்டால் அவர் ஒப்பந்ததாரர். கடலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்ஜினியருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் இதுவரை முயற்சி எடுத்ததும் இல்லை. இந்த அறியாமைதான் நம் அலுவலகத்தின் பெரிய பலம். இதை முறையாக எழுத்தில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மேலும் சொன்னார்: "நீர்மட்டத்துக்கு மேலே விபத்து நடந்தால் நாம் பொறுப்பு. கீழே நடந்தால் அவரே பொறுப்பு. ஆண்டவரே தெளிவாக ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்."

"அலை அடித்தால் சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சராசரி எடுத்துக்கொள்ளலாம்" என்றார் கிருபாநிதி. "கேட்டது யார்? நல்ல கேள்வி. நீரே ஒப்பந்தத்தை எழுதும்."

அப்படித்தான் எழுத்தர் ஏசுவடியான் மாட்டிக்கொண்டான். நாசரேத்துக்காரன், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவான். மனச்சாட்சியும் அதே பள்ளிக்கூடத்தில்தான் தயாரானது. ஆங்கிலம் அவனுக்குத் தினமும் பயன்பட்டது. மற்றது தொந்தரவு கொடுக்கும்போதுதான் இருப்பதே தெரியும்.

ஒப்பந்தம் எழுதுவது லேசான காரியமாக இல்லை. சுயேச்சையானவருக்குச் சொந்தமாகத் தொழில் ஸ்தாபனம் இருக்க வேண்டும் என்றார் கிருபாநிதி. சந்தியாகுவின் ஓலைக் குடிசை வாசலில் 'சந்தியாகு அன் கோ, நீரடி வேலை நிபுணர்கள்' என்று ஒரு பலகை தொங்கியது. அதில் ஆடு முதுகு சொறிந்துகொண்டது. போட்டி விலைப்புள்ளி வேண்டும் என்றார். ஊரில் வேறு குளியாள் இல்லாததால் போட்டியாளர்களையும் ஏசுவடியானே உண்டாக்கி, அவர்கள் பெயரில் கோணல் கையெழுத்தில் எழுதி, தோற்கடித்தும் விட்டான். கல் அலுவலகத்தின் சொத்து என்பதால் சந்தியாகு அதை ஒப்படைத்தார். ஸ்டோர்கீப்பர் எடை போட்டு ரசீது கொடுத்தார். மறுநாள் சந்தியாகு கடற்கரையில் கிடந்த இன்னொரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். அது அவருடையதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள்.

அதற்கு மேல் நடத்தை விதிகள். இதுதான் சந்தியாகுவுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. காலையில் சரியான நேரத்துக்கு வரக்கூடாது. வந்தால் அது ஊழியத்துக்கு அடையாளம். அதிகாரி வந்தால் எழுந்திருக்கக் கூடாது. அவர் வழக்கம்போல எழுந்து நின்றபோது என்ஜினியர் சத்தம் போட்டார். "உட்காருமய்யா! உம்ம சுயேச்சைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கு. இது என் ஆர்டர், இனிமே யார் ஆர்டருக்கும் நீர் கட்டுப்படக் கூடாது, புரிஞ்சுதா?"

"சரிங்க அய்யா" என்றார் சந்தியாகு.

"சரிங்க அய்யான்னு சொல்லக் கூடாதுன்னுதான் சொல்றேன்!"

சந்தியாகு ஏசுவடியான் பக்கம் திரும்பினார். "ரைட்டர் தம்பி, நான் என்ன சொல்லணும்னு நீங்களாவது சொல்லுங்க. அதையே சொல்லிட்டுப் போறேன்."



கையெழுத்து வாங்கும் நாள் வந்தது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் வாசித்துச் சொல்லும் பொறுப்பும் அவனுக்கே. வாசித்தான். ஸ்தாபனத்தின் பெயர், விலாசம், கல், கயிறு எல்லாம் வாசித்தான். துறைமுக ஆஸ்பத்திரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, கடலுக்குள் கையோ காலோ உயிரோ போனால் அலுவலகத்தைக் கேட்கக் கூடாது என்ற இரண்டு இடங்கள் வந்தபோது பக்கத்தைச் சட்டென்று புரட்டினான். கிருபாநிதி தொண்டையைக் கனைத்தது ஒரு காரணம். அவனுக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருஷம் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம் என்று அவனுக்கே தெரியும்.

"வேற ஒண்ணும் இல்லியா தம்பி?" என்றார் சந்தியாகு.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்."

"நீங்க வேதம் வாசிக்கிற வீட்டுப் பிள்ள. நீங்க சொன்னாச் சரிதான்." சந்தியாகு நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் ஏசுவடியானுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பொதுப் பாவ அறிக்கை வந்தபோது மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெயபாய் திரும்பிப் பார்த்து, "என்ன, மெதுவாச் சொன்னா அவருக்குக் கேக்காதா?" என்றாள்.

வினை கயிற்றில் இருந்தது. கிருபாநிதி ஒருநாள் கப்பல் அணையும் ஜெட்டிக்கு வந்து, தொம்மை கயிற்றைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"இந்த ஆள் யார்?"

"கலாசி சார்" என்றார் என்ஜினியர். "நம்ம நிரந்தர ஊழியர்."

கிருபாநிதி பேயைக் கண்டவர் மாதிரி இரண்டடி பின்வாங்கினார். "நம் ஊழியன் மேலே நின்று கயிற்றை இழுக்கிறான். ஒப்பந்ததாரர் கீழேயிருந்து வருகிறார். இதைவிடப் பச்சையான மேற்பார்வை உலகத்தில் உண்டா? ஒரு ஆளை எப்போது மேலே கொண்டுவருவது என்று நாம் தீர்மானித்தால் அவன் ஊழியன். சுயேச்சையானவர் தாமே வர வேண்டும்!"

சந்தியாகு சொந்தமாக ஒரு கயிற்றாளை அமர்த்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. "அமர்த்திக்கிடுறதுக்கு அவன் என்ன கூலியாளா?" என்றார் சந்தியாகு. "எம் பொண்டாட்டிக்கு இருக்கது ஒரே தம்பி. அவனத்தான் பிடிக்க வேண்டாங்கிய."

"அப்படியானால் தொம்மை ராஜினாமா செய்யட்டும்."

தொம்மை சம்மதித்துவிட்டான். சந்தியாகுதான் விடவில்லை. "ஏலே, ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுக்காவது நிலையான வேல இருக்கட்டும். நீ ஒண்ணும் எழுதிக் குடுக்காத."

கிருபாநிதி யோசித்தார். பிறகு ஜெட்டியில் கப்பல் கட்டுகிற இரும்புத் தூணைக் காட்டினார். கயிற்றின் மேல் நுனியை அதில் கட்டிவிட்டால் போதும். தூண் யாரையும் மேற்பார்வை செய்வதில்லை. ஒப்பந்ததாரர் அதைப் பிடித்துக்கொண்டு சுயேச்சையாக ஏறி வரலாம். பதினான்காம் ஷரத்து அன்றே சேர்க்கப்பட்டது: அலுவலகத்தைச் சேர்ந்த எவரும் கயிற்றை இழுக்கவோ, தளர்த்தவோ, தொடவோ கூடாது. எழுதியவன் ஏசுவடியான். 'தொடவோ' என்ற சொல் கிருபாநிதி சொல்லாதது. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று இவனே சேர்த்தான்.

அதை அவன் சொல்லப் போனபோது சந்தியாகு தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு முட்டுற நேரத்துல கயித்தப் பிடிச்சு ஏற முடியுமா தம்பி? கைகால் சொன்னபடி கேக்காதே" என்றார். பிறகு, "இந்தத் தூணுக்கு அக்காளா இருக்கா, எங்க வீட்டுல?" என்று கேட்டார். ஏசுவடியான் சிரித்துவைத்தான். சந்தியாகு சிரிக்கவில்லை.

ஒப்பந்தம் உண்மையானதுதானா என்று பரிசோதிக்கத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் மாடக்கண்ணு வந்தார். போலி என்று அவர் எழுதினால் ஒப்பந்தம் செல்லாது; சந்தியாகு பழையபடி ஊழியராகிவிடுவார். அதனால் அவர் வரும் நாளுக்கென்று அலுவலகமே பரபரத்தது. தொம்மையை ஜெட்டியின் மறுகோடியில் விளக்குக் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பினார்கள். இழுவைக் கப்பலின் அடியில் வலை சுற்றியிருந்தது. சந்தியாகு கோவணத்தோடு, இடுப்புக் கயிற்றோடு, உத்தரவுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"உம்மை யார் இறங்கச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரும் சொல்லல சார். எனக்காத் தோணிச்சு."

"சரியாக இந்தக் கப்பலுக்கு அடியில்தான் தோன்றியதா?"

"ஆமா சார். இங்கனதான் தோணிச்சு."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். "கயிற்றை யார் பிடிப்பார்கள்?"

"யாரும் இல்லை" என்று முந்திக்கொண்டார் கிருபாநிதி. "தொடவே மாட்டோம். ஷரத்தே இருக்கிறது. ஒரு மனிதரின் சுதந்திரத்தில் இந்த அலுவலகம் வைத்திருக்கும் மரியாதை அப்படி!"

"தொட்டால் நான் எழுத வேண்டி வரும்" என்றார் இன்ஸ்பெக்டர், பேனாவைத் தயாராகப் பிடித்தபடி.

சந்தியாகு சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். தண்ணீர் கலங்கி, மறுபடி தெளிந்தது. எல்லோரும் விளிம்பில் நின்று கடலுக்கு அடியில் நடக்கும் சுயேச்சையை மேலிருந்து பார்த்தார்கள். தெரிந்தது கயிறு மட்டும்தான்.

கயிறு ஒரு வெட்டு வெட்டியது.

தூணுக்கு மிக அருகில் நின்றவன் ஏசுவடியான். கையை நீட்டினால் கயிறு. கை நீண்டது. இன்ஸ்பெக்டரின் பேனா அசைந்தது. "பதினாலு!" என்றார் கிருபாநிதி மெல்லிய குரலில். ஏசுவடியானுக்கு ஷரத்து முழுவதும் மனப்பாடம், அவன் எழுதியதுதானே. தொடவோ கூடாது. கையை எடுத்துக்கொண்டான். அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

"அவர் தம் தொழில்திறனைப் பயன்படுத்துகிறார்" என்றார் கிருபாநிதி.

கயிறு மறுபடி வெட்டியது. இந்தத் தடவை வெட்டில் பலமில்லை. ஏறிவர முயல்கிறார், முடியவில்லை என்பது ஏசுவடியானுக்கு வெட்டவெளிச்சமாகப் புரிந்தது. புரிந்த பிறகும் நின்றான். பிற்பாடு அவன் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இடம்தான். புரியாமல் நின்றிருந்தால் பரவாயில்லை.

அப்போது கோடியிலிருந்து தொம்மை ஓடிவந்தான். அங்கிருந்து கயிறு தெரிந்திருக்க முடியாது; இத்தனை நேரமாகியும் தலை தெரியவில்லை என்று கணக்குப் பண்ணித்தான் வந்திருக்கிறான். கையில் பெயின்ட் பிரஷ். அதை எறிந்துவிட்டு, சட்ட அதிகாரியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். "பிடிங்கல, பாத்துக்கிட்டா நிக்கிய!" என்று அலறினான். அவன் தொட்ட பிறகு, இனித் தொட்டாலும் குற்றம் தன்னுடையதில்லை என்றான பிறகு, ஏசுவடியானும் பிடித்தான்.

சந்தியாகு மேலே வந்தார். மூக்கிலும் இரண்டு காதிலும் ரத்தம். தண்ணீரைக் கக்கினார். உயிர் இருந்தது. வலையையும் அறுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் தொம்மையைக் காட்டி, "இவர் உங்கள் ஊழியர்தானே?" என்று கேட்டார்.

கிருபாநிதியின் மேதைமை அன்றுதான் முழுசாக வெளிப்பட்டது. கோட்டின் மேல் பட்ட பெயின்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பெயின்ட் அடிக்கும் இடத்தைவிட்டு அனுமதியில்லாமல் வந்த நிமிஷத்திலிருந்து இவர் பணியில் இல்லை. கயிற்றை இழுத்தது கலாசி தொம்மை அல்ல. ஒப்பந்ததாரரின் மச்சினன் தொம்மை. இந்தக் கடற்கரையில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். குடும்ப விவகாரங்களில் அலுவலகம் தலையிடுவதில்லை."

இன்ஸ்பெக்டர் விசாரித்தார். வழக்கம் இருந்தது. எழுதிக்கொண்டார். ஒப்பந்தம் பிழைத்தது. தொம்மைக்கு, பணியிலிருந்து நழுவியதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. சந்தியாகுவைத் துறைமுக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தாயிற்றே என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். எந்த அட்டை, எப்போது கொடுத்தோம் என்று விக்டோரியா அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் கிருபாநிதி ஏசுவடியானிடம் ஒரு தாளைக் கொடுத்தார். கயிற்றை வெட்டி இழுத்தது உதவி கேட்பதற்காக அல்ல, தொழில்ரீதியான சோதனைக்காகத்தான் என்று சந்தியாகு எழுதித் தருவதாக இருந்தது. "இன்ஸ்பெக்டர் சாயங்காலம் வரை இருப்பார். அதற்குள் கையெழுத்து வாங்கி வாரும். உம்மேல் சந்தியாகுவுக்கு நம்பிக்கை உண்டு. உம்ம பதவி உயர்வு விஷயமாக நானும் எழுதலாம் என்றிருக்கிறேன்."

ஏசுவடியான் போனான். அவன் போனான் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சந்தியாகு குடிசையில் பாயில் சாய்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. "வாங்க தம்பி!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "ஒண்ணும் கேக்கல. தண்ணிக்குள்ள இருக்காப்புலயே இருக்கு. தனியார் டாக்டரு பாத்தாரு. கேட்டாலும் கேக்கும், கேக்காட்டியும் கேக்காதுன்னு கையாலயே காட்டினாரு!"

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஏசுவடியான் தாளை வெளியே எடுத்தான். மடித்து உள்ளே வைத்தான். பிறகு பேச ஆரம்பித்தான். காது கேட்காதவரிடம் பேசுவதில் ஒரு வசதி இருந்தது, அந்த வசதியை அவன் விடவில்லை.

"அண்ணாச்சி, ஒப்பந்தத்துல ரெண்டு இடத்த நான் வாசிக்கல. தெரிஞ்சேதான் வாசிக்கல."

சந்தியாகு அவன் உதட்டைப் பார்த்துவிட்டு, "தேவலை தம்பி, தேவலை" என்றார்.

"மொத வெட்ட நான் பாத்தேன். கை எட்டுற தூரந்தான். ரெண்டாவதையும் பாத்தேன். நீங்க கஷ்டப்படுதியன்னு தெரியும். பயந்துக்கிட்டு நின்னுட்டேன். தொம்மை வரலைன்னா நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

"நேத்தைக்கு இன்னைக்கு வலி கொறவுதான். நீங்க சாப்பிட்டியளா?"

ஏசுவடியான் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுகை வந்ததில் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பாவம் இறங்கிவிட்டது போலவும், இனி எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் போலவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பின்வாசலில் விக்டோரியா தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள்.

"அவுகளுக்குக் கேக்காது" என்றாள். "எனக்குக் கேட்டுச்சு."

"அக்கா..."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "அந்த இன்ஸ்பெக்டரு ஊருலதான இருக்காரு?"

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு."

"அங்கன வந்து இதை அப்படியே சொல்லணும். வாசிக்காம விட்டது, வெட்ட வெட்டப் பாத்துக்கிட்டு நின்னது, ஏன் நின்னியன்னு, எல்லாத்தையும். அவுக காதுக்கு ஆஸ்பத்திரி வேணும்."

"என் வேலை போயிரும் அக்கா."

"போவும்" என்றாள் விக்டோரியா. அதில் கோபம் இல்லை. மழை வருமா என்று கேட்டால் வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். நனைந்த முந்தானையைப் பிழிந்து உதறிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவன் பின்னால் போனான். இன்ஸ்பெக்டர் சீக்கிரமாகவே பஸ் ஏறிப் போயிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் ஜெபித்தான். கோவிலில் முழங்கால் போட்டுக்கூட அவ்வளவு ஊக்கமாக ஜெபித்ததில்லை. தான் என்ன ஜெபிக்கிறோம் என்று உறைத்தபோது வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் போகவில்லை. அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போடப் போனவர், இவர்களைப் பார்த்துப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்து நாற்காலியில் கிருபாநிதி காபி குடித்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து வாங்கிட்டீரா?" என்றார்.

ஏசுவடியான் திரும்பிப் பார்த்தான். விக்டோரியா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.